ஆன்டிபயாடிக் எடுக்கும்போது என்ன கவனம்? முதலில் அதன் பெயரைக் கேளுங்கள்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் காட்டினோம். ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார், காலை ஒன்று, இரவு ஒன்று. இப்போதைக்கு மூன்று நாளுக்கு மட்டும் வாங்கியிருக்கிறோம். வெட்டிக் கொடுத்த அட்டையில் பெயர் முழுதாக இல்லை, வெள்ளை மாத்திரை. இரண்டாம் நாளே வயிறு கலங்குகிறது, உடம்பு சூடாகிவிட்டது என்கிறார். நிறுத்திவிடலாமா? வேறு என்னென்ன கவனமாக இருக்க வேண்டும்?"

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எழுதிய டாக்டருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு வயிறு கலங்குவதைச் சொல்லிவிடுங்கள். நான் மருந்தாளுநர். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் கையில்தான் இருக்கிறது. அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பதற்கு வேண்டுமானால் இந்தப் பதில் உதவும்.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்தியது மாத்திரையின் பெயர் தெரியாததுதான். ஆன்டிபயாடிக் என்று ஒரே ஒரு மருந்து கிடையாது. நீர்க்கடுப்புக்கு மட்டுமே நைட்ரோஃபுரான்டாயின், சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், செஃபிக்சிம், கோட்ரைமாக்சசோல், ஃபாஸ்ஃபோமைசின் என்று பல எழுதப்படுகின்றன. ஒன்றைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், இன்னொன்றைப் பாலோடு போடவே கூடாது. ஒன்று சர்க்கரையை இறக்கும், இன்னொன்று ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். 'வெள்ளை மாத்திரை' என்றால் இவற்றில் பாதி அந்த நிறத்தில்தான் வருகின்றன. அதனால் பெயர் தெரியாமல் "கவனமாக இருங்கள்" என்று சொன்னால் அதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

பெயர் காணாமல் போவது கத்தரியால்தான். பத்து மாத்திரை அட்டையில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில் மட்டும் அடித்திருக்கும், பெயர் படலத்தின் குறுக்கே ஓடும். ஆறு மாத்திரை கேட்டால் கடைக்காரர் தேதி இருக்கும் நாலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிக் கொடுப்பார். அவருக்கும் அது தேவை, இல்லாவிட்டால் அந்த நாலை அடுத்தவருக்கு விற்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, வெட்டுவதற்கு முன் முழு அட்டையின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. பெயர், மில்லிகிராம், தேதி மூன்றும் படத்தில் விழ வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். செஃபிக்சிம் மாதிரி மருந்துகள், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 என்ற அரசுப் பட்டியலில் வருபவை. 2014 மார்ச் முதல் அவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் கடையில் கேட்டால் பெயர் கிடைக்கும். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் போடக் கூடாத மருந்து என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் பிரச்சாரமே நடத்தியது.

மூன்று நாளுக்கு மட்டும் வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலாம் நாள் கடுப்பு குறைந்திருக்கும், கடைக்குப் போக யாருக்கும் தோன்றாது. போனாலும் வேறு கம்பெனி அட்டை கையில் வரும், அம்மா "இது அந்த மாத்திரை இல்லையே" என்று ஒதுக்கி வைப்பார். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறுவதில் பயமில்லை. முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கிடைப்பதும் அதே மருந்துதான். ஏமாற்றுவது மேலே பெரிதாக இருக்கும் பிராண்டு பெயர். ஒரே பிராண்டின் பின்னால் ஓர் எழுத்து கூடினால் உள்ளே இன்னொரு மருந்து சேர்ந்திருக்கும். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

பெயர் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் என்று வந்தால்தான் உங்கள் அம்மா விஷயத்தில் நான் அதிகம் விசாரிப்பேன். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ கிளிக்ளசைடோ எடுக்கிறாரா? இந்த வகை ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும், வயதானவர்களிடம் இன்னும் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இந்த எச்சரிக்கையைக் கூடுதலாக வலியுறுத்தியது. காய்ச்சலிலும் வயிற்றுக் கலக்கத்திலும் அம்மா சரியாகச் சாப்பிடாமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பாகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பிரஷருக்கு மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். இந்த ஏழு நாளும் சர்க்கரையை அடிக்கடி பார்ப்பது நல்லது.

அடுத்தது கழுத்து வலி, இடுப்புப் பிடிப்பு மாத்திரை. நம் ஊரில் வலி மாத்திரையோடு, தசைப் பிடிப்பைத் தளர்த்தும் டிசானிடின் சேர்ந்து வரும் அட்டைகள் ஏராளம். அவை பல வீடுகளில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். சிப்ரோஃப்ளாக்சசினோடு டிசானிடின் சேரவே கூடாது. பிரஷர் படுத்துவிடும், எழுந்திருக்க முடியாத மயக்கம் வரும். வீசிங்குக்குத் தியோஃபிலின் உள்ள மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், ரத்தத்தில் அதன் அளவை சிப்ரோ ஏற்றிவிடும். காபிக்கும் இதே கதைதான். காபியில் உள்ள கஃபீன் உடம்பை விட்டுப் போவதை சிப்ரோ தாமதப்படுத்தும். காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, மாலையில் ஒன்று என்று பழகியவர்கள் "மாத்திரை போட்டதிலிருந்து தூக்கமே இல்லை, நெஞ்சு அடிச்சுக்குது" என்பது பல நேரம் இதனால்தான்.

அந்தக் காபியில் இருக்கும் பாலும் கவனிக்க வேண்டியதே. சிப்ரோவும், டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கால்சியம், இரும்பு, மெக்னீசியம் எதைக் கண்டாலும் அதோடு ஒட்டிக்கொண்டு குடலிலேயே நின்றுவிடும், ரத்தத்துக்குள் போகாது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று வருபவர்களில் சிலரிடம், அதைப் பாலில் விழுங்கினீர்களா என்று கேட்டால் "ஆமாம், வயிறு எரியக் கூடாதுன்னு" என்பார்கள். சிப்ரோவைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில், டைஜீன் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லையென்றால் அவை போட்டு ஆறு மணி நேரம் கழித்து. முழுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி மோர் இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. வெறும் பால், வெறும் தயிரோடு சேர்த்து விழுங்குவதுதான் சிக்கல். இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டாக்டர் இதைக் கேட்பதில்லை, நோயாளியும் இதை மருந்து என்று நினைத்துச் சொல்வதில்லை. சித்த மருந்தில் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் கால்சியம்தான், அயச்செந்தூரம் இரும்புதான். அம்மா மூட்டு வலிக்கோ ரத்தசோகைக்கோ இவற்றை எடுத்தால் அதே இடைவெளி இவற்றுக்கும் வேண்டும்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் வலியோ வீக்கமோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சிப்ரோ வகை மருந்துகள் தசைநாரைப் பலவீனமாக்கி அறுந்துபோகச் செய்யக்கூடும். 60 வயதுக்கு மேல், அதுவும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வெளிப்படையாகச் சொல்வதானால், சாதாரண நீர்க்கடுப்புக்கு வயதான ஒருவருக்கு சிப்ரோவை முதல் மருந்தாக நான் விரும்ப மாட்டேன். நம் நாட்டில் நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பங்கு அதற்கு இப்போது மசிவதில்லை. ஆனால் டாக்டர் உங்கள் அம்மாவை நேரில் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. "கல்ச்சர் கொடுக்கணுமா டாக்டர்?" என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை. சிறுநீரில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. கல்ச்சருக்குச் சிறுநீரை முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்திருந்தால் நல்லது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் மருந்துப் பெயருக்கு எதிரே எஸ் என்று இருந்தால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டாமல் அலமாரியில் வைத்துவிடுபவர்கள் அதிகம்.

நைட்ரோஃபுரான்டாயின் என்றால் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள், குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உள்ளே போகும். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால்தான் இந்த மருந்து சிறுநீரில் இறங்கி வேலை செய்யும். பல வருடச் சர்க்கரை இருப்பவர் என்பதால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். இந்த ரிப்போர்ட் வேறு பல ஆன்டிபயாடிக்குகளின் அளவை முடிவு செய்யவும் தேவை.

கோட்ரைமாக்சசோல் என்றால் பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பையே பாதிக்கும். இப்போது நம் ஊர்ப் பழக்கத்தைப் பாருங்கள்: "ஆன்டிபயாடிக் சூடு" என்று தினமும் இரண்டு இளநீர். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்வது விளையாட்டில்லை. இதில் சல்ஃபா வகை மருந்து இருப்பதால், சல்ஃபா அலர்ஜி இருந்தாலும் இது கூடாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

செஃபிக்சிம் இவற்றில் கொஞ்சம் சாது. சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். ஆனால் வயிறு கலங்குவது இதில் சகஜம், உங்கள் அம்மாவுக்கு இதுவாகக்கூட இருக்கலாம்.

இனி அந்த வயிற்றுக்கு வருவோம். ஆன்டிபயாடிக் கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பிரித்துப் பார்ப்பதில்லை, குடலில் இருப்பவையும் சேர்ந்து சாகின்றன. அதனால் ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை தளர்வாகப் போவதை எதிர்பார்க்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அதுவும் தன் பங்குக்குக் கலக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர் சாதம் போதும் (சிப்ரோவாக இருந்தால் மோரை மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்). ஓஆர்எஸ் பொட்டலத்தில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று சர்க்கரைக்காரர்கள் பயந்து ஒதுக்க வேண்டாம், நீர் வற்றுவது அதைவிட மோசம். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால், ரத்தம் கலந்தால், காய்ச்சலோ கடும் வயிற்று வலியோ சேர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பேதியை நிறுத்தும் லோபராமைடைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு குடலில் தலைதூக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி ஒன்று உண்டு. அதற்கு லோபராமைடு கொடுத்தால் நிலைமை கெடும். மருந்தை முடித்துச் சில வாரம் கழித்துக்கூட அது வரலாம். வாந்தி, பேதி அதிகமானால் மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், டெல்மிசார்டன் போன்ற சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டாக வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்துக்குச் சுமை.

சூடு என்று அம்மா சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள், என்னென்ன செய்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். வாய்ப்புண்ணா, நெஞ்செரிச்சலா, மஞ்சளாகச் சிறுநீர் போகிறதா, கீழே அரிப்பா? கூடவே பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் பளீர் மஞ்சளாகத்தான் போகும். ஆனால் அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு ஆன்டிபயாடிக் எடுக்கும்போது இது எளிதில் வரும், டாபாக்ளிஃப்ளோசின் வகை எடுத்தால் இன்னும் எளிதில். பிள்ளையிடம் அம்மா இதைச் சொல்ல மாட்டார். வீட்டில் மகளோ மருமகளோ இருந்தால் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீர்க்கடுப்பு குணமாகவில்லை என்று நினைத்து இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டு, பூஞ்சை மேலும் பெருகும்.

அலர்ஜி பற்றிச் சுருக்கமாக. புது ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை ஆட்கள் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் போடுவது நல்ல பழக்கம். உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், தொண்டை அடைத்தால் 108-ஐ அழையுங்கள், அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். வாயிலும் கண்ணிலும் புண், தோல் கொப்புளித்து உரிதல், இதுவும் அவசரம்தான். எந்த மருந்துக்கு என்ன ஆயிற்று என்று பெயரோடு எழுதி வையுங்கள். "ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ஒத்துக்கலை" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜி இருப்பதில்லை. சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருக்கலாம். மருந்தால் வந்த பாதிப்பு எதையும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பவர் வீட்டில் இருந்தால், எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மெட்ரோனிடசோல், டினிடசோல் எடுப்பவர்கள் அது முடிந்து மூன்று நாள் வரை மதுவைத் தொடக் கூடாது. இது அம்மாவுக்கு இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு.

காலை, இரவு என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இடைவெளி. காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போட்டுவிட்டு "ரெண்டு வேளையும் ஆச்சு" என்பது சரியல்ல. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலும் அடுப்புக்கு மேல் அலமாரியிலும் மாத்திரையை வைக்காதீர்கள்.

ஏழு நாளும் முடிக்க வேண்டுமா என்று கேட்டால், டாக்டர் சொன்ன நாள்வரை என்பதுதான் என் பதில். காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஒரு நாளும் குறையக் கூடாது. ஆனால் நாள் கூடக் கூட நல்லது என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவருகிறது. பல தொற்றுகளுக்குக் குறைந்த நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாள், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு வேளை. அதனால் அம்மா நன்றாகிவிட்டால் "ஐந்தோடு நிறுத்தலாமா?" என்று டாக்டரையே கேளுங்கள், அவர் சரி என்றும் சொல்லலாம். குளிர், நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி என்று வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், அப்போது கணக்கே வேறு, அன்றே காட்ட வேண்டும்.

மிஞ்சிய மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் வரும் காய்ச்சலில் டெங்குவும் சாதாரண வைரஸும் நிறைய, எந்த ஆன்டிபயாடிக்கும் அவற்றைத் தொடாது. கடையில் கேட்டதும் ஆன்டிபயாடிக் கிடைப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி அறிக்கை வெளியிட்டதும் இதே ஊரில்தான். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். கவுண்டரில் நிற்பவர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

கடைசியாக, பலரும் சறுக்கும் ஓர் இடம். மாத்திரை முடிந்து கடுப்பும் போய்விட்டால், "கிருமி போச்சான்னு பார்த்துடலாம்" என்று நீங்களாக லேபில் மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள். இந்த வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போகும் அவசரம் எதுவும் இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரைப் பார்த்து மறுபடி ஏழு நாள் ஆரம்பித்து, அது முடிந்ததும் மறுபடி கல்ச்சர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும் அம்மாக்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.